உப்பு விழும் பாகை

தண்ணீர் 25 பாகையைத் தொட்டால் உப்பு விழும். இதை விஞ்ஞானப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வாப்பா சொல்லி எனக்குத் தெரியும். உப்பளத்தில் ஒரு கண்ணாடி மானி வைத்திருப்பார்கள். அதன் அளவுக்குப் போமே என்று பெயர். அது ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் என்பது ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடல் தண்ணீரில் மிதக்கவிட்டால் மூன்று, மூன்றரை காட்டும். களப்புத் தண்ணீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, அங்கிருந்து அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று வெயிலும் சோளகக் காற்றும் குடிக்கக் குடிக்க இறக்கிக்கொண்டு வந்தால், 13 பாகை அளவில் ஜிப்சம் அடியில் படியத் தொடங்கும். உள்ளங்காலைக் கீறுகிற படிவு. 25க்கு மேல் உப்பு. 29, 30 என்று ஏறவிட்டால் உப்பில் கசப்பு இறங்கிவிடும். அதற்குள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

1976இல் வாப்பா கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது, இடது கிட்னியில் இருந்து எடுத்த கல்லை ஒரு பெனிசிலின் குப்பியில் போட்டுக் கொண்டுவந்தார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. கபில நிறம், மேலெல்லாம் முள். சுகம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் குப்பியை ஆட்டிக் காட்டுவார். உப்பளத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நானா, இது எத்தனை பாகையில விழுந்திச்சு?"

வாப்பா சிரிக்கத் தொடங்கி, தையல் இழுக்கவும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதைவிடச் சரியான விளக்கத்தை, முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தும், நான் எங்கும் கேட்டதில்லை. சலத்திலும் உப்புகள் கரைந்துதான் இருக்கின்றன. உடம்பில் தண்ணீர் குறையக் குறையச் சலம் தடிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் கல்சியமும் ஒட்சலேற்றும் கரைந்து நிற்க முடியாமல் பளிங்காகப் படியும். பாத்தியில் நடப்பதுதான் விலாவுக்குப் பின்னாலும் நடக்கிறது. பாத்தியில் விழுவதற்கு மூடைக் கணக்கில் காசு கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தளத்து உப்பைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. மலைநாட்டில் உப்பு விளையாது. பொதிமாட்டுத் தவளங்களில் எங்கள் ஆட்கள் உப்பும் கருவாடும் மேலே கொண்டுபோய்ப் பாக்கோடு இறங்கிய கதை பல நூல்களில் இருக்கிறது. ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையை 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்கள். களப்பின் வாயில் உட்கார்ந்துகொண்டால் உள்ளே போவதும் வருவதும் கண்ணுக்குத் தப்பாது. கண்டி அரசனோடு 1766இல் செய்த உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தக் கம்பனி வாங்கிக்கொண்டது. ஆனாலும் சிலாபத்திலும் புத்தளத்திலும் கண்டிச் சனங்கள் வந்து உப்பு அள்ளிக்கொள்ள இடம் விட்டது. உப்பை மறித்தால் மலைநாடு என்ன பாடுபடும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த கணக்கு. இங்கிலீஷ்காரன் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் தனிச்சொத்து. கரையில் தானாக விளைந்து கிடப்பதை ஒருவன் மடியில் அள்ளிக்கொண்டு போனாலும் வழக்கு. 1957இல் தேசிய உப்புக் கூட்டுத்தாபனம் வந்தது. எங்கள் வீட்டில் அதைக் 'கோப்பரேஷன்' என்பார்கள், மாதச் சம்பளம் என்ற மரியாதையோடு.

வரி, விலை, மூடை, கள்ள உப்பு வழக்கு: நான் படித்ததில் பெரும்பகுதி இதுதான். பாத்தியில் நின்றவன் என்ன குடித்தான் என்று ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

நான் சொல்கிறேன். என் வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம். அவர் சுபஹு தொழுதுவிட்டு இறங்குவார், கையில் ஒரு போத்தல் தண்ணீர். வெயில் ஏறி உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தத் தொடங்கும் வரை வாருபலகையோடு நிற்பார். பின்னேரம் மறுபடி. ஒரு போத்தல்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கிணறு, அந்தக் கிணறும் சவர். புத்தளத்துக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக் கல். அருவாக்காட்டில் வெட்டி எடுத்து பாலாவிச் சீமெந்து ஆலைக்கு அனுப்புகிறார்களே, அந்தக் கல்தான். எங்கள் கேத்திலின் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு வெள்ளைப் படை இருக்கும். கற்பிட்டிப் பக்கம் வேறு கதை. அங்கே மணலுக்குள் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, இப்போது அதில் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கிறது.

தண்ணீரில் உள்ள சுண்ணாம்புதான் கிட்னியில் கல்லாகிறது என்று ஊரே சொல்லும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கடின நீரைக் குடிப்பவர்களுக்குக் கல் கூடுதலாக வருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மதவாச்சிப் பக்கம் 1990களில் இருந்து விவசாயிகளைக் கொல்கிற சிறுநீரக நோயையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள், அது வேறு. என் கணக்கு எளியது: சவர்த் தண்ணீரை மனிதன் நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான் குடிப்பான். கூடை சுமந்த பெண்கள் அதையும் குடிக்கமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மறைவில்லாத வெளியில் சலம் கழிக்க எங்கே போவது? காலையில் இருந்து வாயைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்துதான் முதல் மிடறு.

அப்பாவுக்கு வலி வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரம்பிலேயே படுத்துவிடுவாராம். வாப்பும்மா சொல்வது: "புள்ளத்தாச்சி மாதிரி முனகுவார், ஆனா புள்ள வராது." பரிசாரி கல்லடைப்பு என்று சொல்லிச் சிறுபீளை அவித்துக் குடிக்கக் கொடுத்தார். சிங்களத்தில் பொல்பலா என்பது அதைத்தான், இன்றைக்குத் தேத்தண்ணிப் பைக்கற்றாகக் கடையில் தொங்குகிறது. கடற்கரை மணலில் தானாக முளைக்கும் யானை நெருஞ்சியும் உண்டு. பச்சைச் செடியைத் தண்ணீரில் போட்டுக் கிண்டினால் தண்ணீர் வெண்டிக்காய்ச் சாறு போல வழுவழுக்கும். அந்த வழுக்கலில் கல் வழுகிப் போய்விடும் என்பது நம்பிக்கை. யூனானி ஹக்கீம்கள் ஹஜருல் யஹூத் என்று ஒன்றை உரைத்துக் கொடுப்பார்கள். யூதக் கல் என்று பொருள். உண்மையில் அது எந்தக் காலத்திலோ செத்துக் கல்லாகிப்போன கடல் முள்ளெலியின் முள். கல்லுக்குக் கல்.

விஞ்ஞானம் படித்த கர்வத்தில் இதையெல்லாம் ஒரு காலத்தில் நான் கேலி செய்தேன். இப்போது செய்வதில்லை. சிறுபீளைக் கஷாயத்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: ஒரு முட்டி நிறைய, நாள் முழுக்க, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து. உப்பளத்துக்காரன் தன் வாழ்நாளில் போதிய தண்ணீர் குடித்தது நோயாளியாகப் படுத்த அந்த நாலு நாளில்தான். சின்னக் கல்லாக இருந்தால் வெளியே வந்துவிடும். இலைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று புகழைப் பிரித்துக் கொடுக்க என்னால் முடியாது. பிளிங்காயையும் காமரங்காவையும் சாறு பிழிந்து குடிக்கிற புதுப் பழக்கத்தை மட்டும் பயத்தோடு பார்க்கிறேன். அவற்றில் ஒட்சலேற்று நிறைய, அந்தச் சாற்றாலேயே கிட்னி பழுதானவர்கள் இருக்கிறார்கள்.

அப்பாவின் கல் சின்னதல்ல. கடைசி இரண்டு வருடம் கால் வீங்கி, சோறு பிடிக்காமல் கிடந்து மௌத்தானார். அதைக் கல்லோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பரிசாரியைக் குறை சொல்லவும் முடியாது. கல்லை வெட்டி எடுப்பது பழைய வித்தைதான். ஆனால் அந்தப் பழைய வெட்டெல்லாம் மூத்திரப் பையில் கிடக்கும் கல்லுக்கு. சுஸ்ருதர் அந்த வெட்டை விவரிக்கும்போதே, அரசனிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கத்தியை எடு என்கிறார், ஆள் பிழைப்பது அவ்வளவு நிச்சயமில்லை. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்திய அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரணவைத்தியம்' என்று தமிழாக்கினார். அது அச்சானது 1867இல். பழுதாகாத கிட்னியைத் திறந்து உள்ளே இருக்கும் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மூடுவது, லண்டனில் ஹென்றி மொறிஸ் 1880இல் செய்துகாட்டிய பிறகுதான் உலகத்துக்கே வந்தது. அப்படியானால் தமிழில் சத்திரசிகிச்சை நூல் வந்த காலத்தில், என் அப்பாவுக்கு வந்தது போன்ற கல்லுக்கு எந்த மொழியிலும் வழியில்லை.

வாப்பாவின் முறை வந்தபோது வழி இருந்தது. புத்தளத்தில் இருந்து கொழும்புக்குக் கோச்சி ஓடத் தொடங்கியது 1926இல், அதே பாதையில்தான் வாப்பாவைக் கொண்டுபோனோம். எனக்கு அப்போது 12 வயது. வாப்பா வாங்கில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தார், சிலாபம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். உம்மா என்னைக் கூட்டிப் போனது எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும் என்பதால். தம்பி கைப்பிள்ளை மாதிரி, ஆறு வயது, அவனை வாப்பும்மாவிடம் விட்டோம். மாளிகாவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அந்தக் காலத்தில் ஓ.பி.டி.யில் துண்டு எடுக்க 25 சதம். 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்திருந்தார்கள், 1971இல் இந்த 25 சதத்தைப் போட்டார்கள், 1977இல் அதையும் எடுத்தார்கள். ஆக எங்கள் வாப்பாவின் வைத்தியத்துக்கு அரசாங்கம் எங்களிடம் வாங்கியது 25 சதம். கோச்சிச் சத்தமும் சோற்றுப் பார்சலும்தான் உண்மையான செலவு. உம்மா தன் காப்பு ஒன்றை அடகு வைத்தது அதற்காக.

கைநரம்பில் மருந்தேற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள், ஐ.வி.பி. என்று. மருந்து கிட்னி வழியாக இறங்கும்போது படம் எடுத்தால் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும். படத்தை மிஸ்ஸி ஜன்னலுக்கு நேரே பிடித்து எனக்கும் காட்டினார். பயந்த பிள்ளையை ஆறுதல்படுத்த நினைத்திருப்பார் போலும். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. உப்பு மணியேதான்.

வார்டில் கட்டில் கிடைக்க இரண்டு நாளானது, அது வரை தரையில் பாய். பகல் 12 மணிக்கு ஒரு முறையும் பின்னேரம் ஒரு முறையும் கதவு திறக்கும். சனம் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். பக்கத்துக் கட்டிலில் கேகாலையில் இருந்து வந்த ஒரு சிங்கள மனிதர், அவருக்கும் கல்தான். அவர் சிங்களத்தில், வாப்பா தமிழில். வலி வரும்போது இரண்டு பேரும் கட்டில் கம்பியைப் பிடிக்கும் விதம் ஒன்றாக இருக்கும். கடைசி விலாவுக்குக் கீழே, முதுகில் இருந்து முன்வயிறு வரை ஒரு சாண் நீளத்துக்கு மேல் வெட்டினார்கள். பன்னிரண்டு நாள் வார்டில். ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று டிக்கட்டில் எழுதிக் கொடுத்தார்கள். உப்பளத்தில் பாரம் தூக்காத வேலை எது? மேற்பார்வை எழுத்து வேலை என்று ஒன்றை நாலு மாதத்துக்குக் கொடுத்தார்கள், அதற்குள் அவரே மறுபடி இறங்கிவிட்டார்.

பின்னாளில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வாப்பாவை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்த அதே 1976இல்தான் ஸ்வீடனில் பெர்ன்ஸ்ட்ரோமும் ஜோஹான்சனும் முதுகில் சிறு துளையிட்டுக் கிட்னிக் கல்லை எடுத்ததை வெளியிட்டார்கள். நாலு வருடம் கழித்து, 1980 பெப்ரவரி 7ஆம் திகதி, மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷோசி என்ற டொக்டர் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, வெளியே இருந்து அனுப்பிய அதிர்வலையால் கல்லைத் தூளாக்கினார். வெட்டே இல்லை. அந்த இயந்திரத்தைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பனி. அதிவேக விமானத்தின் மேல் மழைத்துளி மோதி உலோகம் ஏன் அரிக்கிறது என்று ஆராயப் போய் அகப்பட்ட வித்தை.

வாப்பாவின் குப்பியை நான் வகுப்புக்குக் கொண்டுபோவேன், பளிங்காதல் படிப்பிக்கும் நாளில். ஒரு வருடம் ஒரு பிள்ளை கைதவறிப் போட்டுவிட்டாள். கல் உடையவில்லை, குப்பிதான் உடைந்தது. அதன் பிறகு கல் பிலிம் சுருள் டப்பாவுக்கு மாறியது.

தம்பிக்கு வந்தது 2022 ஏப்ரலில். அவனுக்கு உப்பளத்தில் பங்கு உண்டு, லொறியும் ஓட்டுவான். இரவு, கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் கரையில், நுரைச்சோலையில், நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிற நிலக்கரி நிலையம் புகை விட்டுக்கொண்டிருக்க, நாங்கள் மெழுகுதிரியோடு. லொறியில் டீசல் இல்லை. அவனுடைய மகன்தான் 1990க்கு அடித்தான். சுவசெரிய அம்புலன்சின் இலக்கம் அது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி மெல்ல நாடு முழுக்க வந்தது. எங்கள் ஊரில் 1990 என்றால் முதலில் வேறொன்று நினைவுக்கு வரும். அந்த வருட ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம் சனங்களை வெளியேற்ற, மன்னாரில் இருந்து வள்ளங்களில் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். தென்னந்தோப்புகளில் ஓலைக் கொட்டில்கள், ஒரு கிணற்றுக்கு நூற்றுக்கணக்கில் குடங்கள். வந்தவர்களில் பலர் கூலிக்கு உப்பளத்தில் இறங்கினார்கள். அந்தத் தண்ணீர் வரிசையையும் நான் இந்தக் கல்லின் சரித்திரத்தில்தான் சேர்ப்பேன்.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மருந்துத் தட்டுப்பாட்டில் அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். வலிக்குக் கொடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். வலது பக்கம், குழாயின் மேல்முனையில் 11 மில்லிமீற்றர். நாலு, ஐந்து மில்லிமீற்றர் என்றால் தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாம், பத்துக்கு மேல் தானாக வருவது அரிது. காய்ச்சலும் இருந்ததால் கல்லைத் தொடாமல், அடைப்பைத் தாண்டிச் சலம் போக ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள். இரண்டு முனையும் சுருண்டிருக்கும், டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். ஆறு கிழமையில் வா, கல்லை உடைத்துவிட்டு ஸ்டென்டையும் எடுப்போம் என்று கொப்பியில் திகதி போட்டார்கள்.

அந்தத் திகதி இரண்டு முறை தள்ளிப்போனது. அவசரமில்லாத சத்திரசிகிச்சை எல்லாம் நிறுத்தம். ஒரு முறை எங்களுக்கே போக எரிபொருள் இல்லை, மைல் கணக்கில் வரிசை. யார் மேல் கோபப்படுவது? இளம் டொக்டர் ஒருவர் தன் கைபேசி வெளிச்சத்தில் கொப்பியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் ஸ்டென்ட் உள்ளே காத்திருக்காது. மூன்று மாதத்துக்குள் எடுக்கவேண்டியது ஐந்து மாதம் கிடந்ததில் அதன் மேலேயே உப்புப் படிந்துவிட்டது, பாத்தியில் விட்ட கயிற்றில் படிவது போல. எடுக்கப்போனபோது முதலில் ஸ்டென்டின் மேல் இருந்த கல்லை உடைத்து, பிறகுதான் பழைய கல்லிடம் போனார்கள். மூத்திரக் குழாய் வழியாகவே கமரா, லேசர். உடம்பில் ஒரு தையல் இல்லை. இரண்டாம் நாள் வீட்டில். துண்டொன்றைப் பரிசோதித்ததில் கல்சியம் ஒட்சலேற்று, அதன் நிறமும் முள்ளும் வாப்பாவின் கல்லை அப்படியே சொல்லின.

2023இல் ஒரு ஆய்வு வந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து வித்யா வேணுகோபாலும் குழுவும் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் உடம்பு தாங்கக்கூடிய வெப்ப எல்லைக்கு மேல் உழைக்கிறார்கள், 7 வீதமானவர்களுக்குக் கிட்னியின் வடிகட்டும் வலு குறைந்திருக்கிறது. நிழல், குடிநீர், கழிப்பறை இல்லாத குறை அங்கேயும். பாக்கு நீரிணையின் அந்தப் பக்கத்து வாப்பும்மாக்களுக்கும் இது தெரிந்துதான் இருந்திருக்கும்.

தம்பிக்கு டொக்டர் சொன்ன கணக்கு, நாளுக்கு இரண்டரை லீற்றர் சலம் போகவேண்டும். குடிக்க அல்ல, போகவேண்டும். வெயிலில் நிற்கிறவன் அதற்கு நாலைந்து லீற்றர் குடிக்கவேண்டிவரும். பெரிய கான் ஒன்றைப் பாத்திக்குக் கொண்டுபோகிறான், பத்து மணிக்கு அது தேத்தண்ணி மாதிரிச் சுடுகிறது. ஒரு தகரக் கொட்டில் போட்டால் நிழலில் வைக்கலாம் என்று பங்காளிகளோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு வருடமாக.

போன மாதம் ஸ்கேனில் இடது பக்கம் 4 மில்லிமீற்றரில் ஒன்று தெரிந்தது. பார்ப்போம் என்று ஆறு மாதம் கழித்துக் கிளினிக் திகதி போட்டிருக்கிறார்கள். அது உப்பு வாருகிற பருவத்தில் விழுகிறது. "ராத்தா, வேற நாளொண்டு கேட்டா தருவாங்களா?" என்று கொப்பியை என்னிடம் நீட்டினான்.